முதலாளி வீட்டு வாசலில் சென்சார் கழுவிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வட்டார ஓட்டுநர் சங்கம் வெளியிடும் மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த தம்பிகள் என் வாழ்க்கை வரலாற்றைக் கேட்கவில்லை. "ஏனுங் பெரியவரே, காருக்குள்ள அந்த ஏர் ஃப்ளோ சென்சார் இருக்குதுங்களே, அத ஒர்க் ஷாப்புக்குப் போகாம ஊட்டுலயே வெச்சு எப்படிக் கழுவறதுன்னு எழுதிக் குடுங்க, போதும்" என்றார்கள். கழுவும் முறையைச் சொல்ல அரைப் பக்கம் போதும். ஆனால் அதை நான் கற்றுக்கொண்ட இடத்தை விட்டுவிட்டு முறையை மட்டும் எழுத மனம் ஒப்பவில்லை. அந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம், யாரும் இல்லாத அறையிலும் எனக்குத் தலை குனிந்துவிடுகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். வேலை தெரிந்தால் போதும் என்பவர்கள் நடுப்பகுதியை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

நான் லாரிக் கிளீனராகத் தொழிலுக்கு வந்தவன். பள்ளிப்படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. இருக்கைக்குப் பின்னால் கிடந்த பழைய செய்தித்தாள்களைப் படித்துத்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். லாரியிலிருந்து டிராக்டர், டிராக்டரிலிருந்து டீசல் ஜீப், அதன்பின் சோமனூரில் விசைத்தறி வைத்திருந்த பொன்னுசாமி முதலாளியின் கார். அவரிடம்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது.

முதலாளியின் குணத்தைச் சொல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. அவர் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. தறிக்காரர் முதல் குப்பை அள்ளுபவர் வரை எல்லோருக்கும் "வாங்க, போங்க" தான். நாய்க்குக் கூட "அக்கட்டால போங்க" என்பார் என்று ஊரில் கேலி செய்வார்கள். ஒருமுறை தறிக்குடோனில் நூல் கோன்கள் காணாமல் போயின. எடுத்தது யார் என்று முதலாளிக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தறிக்காரரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, "உங்க ஊர்ல நோம்பி சாட்டிட்டாங்களாமா?" என்று கேட்டார். அது திருவிழாவுக்கான மாதமே அல்ல. "போயி ஒரு மாசம் இருந்து நோம்பியெல்லாம் பாத்துப்போட்டு வாங்களேன்" என்றார். அந்த மனிதர் தம்ளரைக் கீழே வைத்தார். மறுநாளிலிருந்து அவரை அந்தப் பக்கம் பார்த்தவர் இல்லை. திருட்டு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. ஆனால் அதன்பின் சோமனூரில் எந்தக் குடோனிலும் அவருக்குத் தறி கிடைக்கவில்லை. இவ்வளவு நாகரிகமான மனிதரிடம் வேலை பார்க்கிறோமே என்று அன்று நான் பெருமைப்பட்டேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் முதலாளி ஒரு புதிய பெட்ரோல் கார் வாங்கினார். கார்புரேட்டர் இல்லாத கார். பெட்ரோலை அளந்து தெளிக்கும் வேலையைக் கணினியே பார்த்துக்கொண்டது. பானெட்டைத் திறந்தால் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றும் அதற்குள் இல்லை. ஆனால் காற்று வடிகட்டியை மட்டும் அடையாளம் கண்டுகொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே பொருள் அது என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டாயிற்று.

வீடும் தறிக்குடோனும் ஒரே வளாகம். கார் நிற்கும் தகரக் கொட்டகை குடோனை ஒட்டியே இருந்தது. பஞ்சுத் தூசி எப்போதும் பறந்துகொண்டிருக்கும். முதல் நாள் துடைத்த கண்ணாடியில் மறுநாள் விரலால் பெயர் எழுதலாம். மாதம் ஒருமுறை வடிகட்டியை எடுத்தால், பூனை மயிர் போலச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். டிராக்டரிலும் ஜீப்பிலும் காற்று வடிகட்டியின் அடியில் எண்ணெய்க் கிண்ணம் உண்டு. தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். இந்தக் காரின் வடிகட்டியோ வெறும் காகித மடிப்பு. இதைச் செய்தவர்களுக்குச் சோமனூர்ப் பஞ்சைப் பற்றி என்ன தெரியும் என்று எண்ணி, தறிக்கு விடும் எண்ணெயைப் பனியன் துணியில் நனைத்து, அந்தக் காகித மடிப்புகளின் மேல் ஒற்றி எடுத்தேன். பஞ்சு அருமையாக ஒட்டிக்கொண்டது. முதலாளி பார்த்துவிட்டு, "வெள்ளிங்கிரி கையில குடுத்தா வண்டி கொளந்தையாட்ட இருக்குமுங்க" என்று விருந்தாளியிடம் சொன்னார். அன்று இரவு அதை வீட்டில் சொல்லி மகிழ்ந்தேன்.

சில மாதங்களில் வண்டி நோய்ப்பட்டது. காலையில் கிளப்பினால் உடம்பை உலுக்கும். நிற்கும்போது இன்ஜின் ஏறி இறங்கும். ஏற்றத்தில் இழுவை இல்லை. புகைக்குழாயின் வாய் கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்ரோல் குடித்தது. முன்பு முதலாளியின் பல்லடம் கோழிப் பண்ணைக்கு ஒரு வாரம் போய்வரப் போதுமாக இருந்த பெட்ரோல், பாதி வாரத்திலேயே தீர்ந்தது. ஸ்பார்க் பிளக் மாற்றினேன். டயர்க் காற்றைச் சரி பார்த்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

"ஏனுங் வெள்ளிங்கிரி, பெட்ரோல் கொஞ்சம் சாஸ்தி ஆவுதுங்களா?" என்று முதலாளி ஒரு நாள் கேட்டார்.

"ஆமாங்க. என்னான்னு தெரியலீங்க."

"பரவால்லீங்க. சும்மா கேட்டனுங்க."

மறுவாரம் பெட்ரோல் போடப் புறப்பட்டபோது, கணக்கு எழுதும் சண்முகம் முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார். "முதலாளி கூடப் போயிட்டு வரச் சொன்னாருங்ணா. சும்மாதான்" என்றார். அதற்கடுத்த வாரம் பெட்ரோல் தொட்டிக்குப் பூட்டு வைத்த மூடி வந்தது. சாவி முதலாளியின் சட்டைப் பையில் இருந்தது. "இப்பெல்லாம் தெருவுல நிறுத்துன வண்டியிலயே டியூப் விட்டு உறிஞ்சிடறாங்களாமா, அதுக்குத்தானுங்க" என்றார் என்னைப் பாராமல். எங்கள் வண்டி தெருவில் நின்றதே இல்லை.

கருமத்தம்பட்டி பெட்ரோல் பங்கில் எல்லா ஓட்டுநர்களும் எனக்குப் பழக்கம். சண்முகம் இறங்கிப் பூட்டைத் திறப்பதைப் பார்த்து ஒருவர், "என்னுங்ணா, போலீஸ் காவலோட வாரீங்க?" என்றார். இன்னொருவர், "எங்கள மாதிரி சின்னப் பசங்களுக்கும் கொஞ்சம் ஊத்துங்ணா, நீங்களே குடிச்சா எப்படி" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் முகத்தில் ஒட்டாமல் தொங்கியதை நானே உணர்ந்தேன். சண்முகம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரே கேட்டிருந்தால், சாமி முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். கேட்காத கேள்விக்கு எதை அணைப்பது? ஒரு நாள் காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். முதலாளியம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"உங்க ஊர்ல நோம்பி சாட்டிட்டாங்களாமா?" என்றார் முதலாளி.

காப்பித் தம்ளரை எடுக்கப் போன கை நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று அந்த வளாகத்தில் எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். வேலை போவது மட்டும் அல்ல. வேலை போன காரணம் எனக்கு முன்பாகவே ஒவ்வொரு வாசலுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். பெட்ரோல் திருடிய டிரைவர் என்ற பெயரோடு அந்த வட்டாரத்தில் நான் மறுபடி எந்தக் காரின் கதவைத் திறப்பது?

"வண்டிய ஒரே ஒரு தடவ லோகுகிட்டக் காட்டிப்போட்டுப் போறனுங்க" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

"ஐயோ, தாராளமாப் பாருங்க. அதுக்கென்னுங்க" என்றார். அவரும் காப்பியைத் தொடவில்லை.

லோகு என்று நாங்கள் கூப்பிடும் லோகநாதன், பீளமேட்டில் இப்படிக் கணினி பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்ஷன் கார்களைப் பார்க்கப் பழகியிருந்த மெக்கானிக். வாய் கொஞ்சம் அதிகம். தறிகள் ஓடாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து வீட்டுக்கே வந்தான். தறி ஓடினால் பஞ்சு பறக்கும், அந்த வேலை ஆகாது என்று அவனே நாளைக் குறித்தான். காரை வாசலில் வேப்பமர நிழலில் நிறுத்தினேன். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

இனி வரும் பகுதிதான் தம்பிகள் கேட்டது. கவனமாகப் படிக்கவும்.

முதலில் இன்ஜினை அணைத்து, நன்றாக ஆறும்வரை காத்திருந்தோம். சூடான இன்ஜின் பக்கத்தில் ஸ்ப்ரே அடித்தால் தீப்பிடிக்கும். பிறகு பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி ஒதுக்கினான். காற்று வடிகட்டிப் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள குழாயில், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பொருள் செருகப்பட்டிருந்தது. அதுதான் சென்சார். அதன் மின் இணைப்பின் பூட்டை விரலால் அழுத்தி, வயரைப் பிடித்து இழுக்காமல், இணைப்பின் உடலைப் பிடித்துக் கழற்றினான். இரண்டு திருகுகளைக் கழற்றி, சென்சாரை நேராக வெளியே எடுத்தான்.

"இங்க பாருங்ணா. தொடாதீங்க, கண்ணால மட்டும் பாருங்க" என்றான்.

அதன் நடுத்துளையில் தலைமயிரைவிட மெல்லிய ஒரு கம்பி இருந்தது. மின்சாரம் அந்தக் கம்பியைச் சூடாக்கி வைத்திருக்கும். உள்ளே போகும் காற்று அதைக் குளிர வைக்கும். எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்து எவ்வளவு காற்று போகிறது என்று கணினி கணக்கிட்டுப் பெட்ரோலை விடும். கம்பியில் அழுக்குப் படிந்தால் கணக்கே பொய்யாகிவிடும். எங்கள் கம்பியில் பழுப்பாக ஒரு பிசுக்கும், அதில் ஒட்டிய பஞ்சு இழைகளும் இருந்தன.

நான் இடுப்பில் செருகியிருந்த பனியன் துணியை எடுத்துக் கை நீட்டினேன். லோகு என் புறங்கையில் பளீரென்று ஒன்று வைத்தான்.

"கொன்னுபோடாதீங்ணா! துணி பட்டா கம்பி அந்துரும். அப்பறம் கடல் தாண்டித்தான் புதுசு வரோணும்."

முதலாளி நாற்காலியிலிருந்தபடியே, "குடோன்ல ஏர் கம்ப்ரசர் இருக்குதுங்க. ஒரு ஊது ஊதிப்போட்டா?" என்றார். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. தறி, மோட்டார், தலைமயிர், சட்டை, எல்லாவற்றையும் காற்றடித்தே சுத்தம் செய்வோம்.

"வேண்டாமுங்க. தறிய ஊதற காத்துல இது தாங்காதுங்க" என்றான் லோகு.

அவன் கொண்டுவந்திருந்தது, மின்னணுப் பலகைகளைக் கழுவும், காய்ந்தபின் பிசுக்கு வைக்காத ஒரு ஸ்ப்ரே. இப்போது இந்தச் சென்சாருக்கென்றே தனி ஸ்ப்ரே கடைகளில் கிடைக்கிறது; அதையே வாங்குங்கள். கார்புரேட்டர் ஸ்ப்ரே, பெட்ரோல், தின்னர், சோப்புத் தண்ணீர் எதுவும் ஆகாது. பிரஷ், பஞ்சு, காது குடையும் குச்சி எதுவும் கம்பியில் படக்கூடாது. லோகு திறந்தவெளியில் நின்று, சென்சாரைச் சாய்த்துப் பிடித்து, சற்றுத் தள்ளியிருந்து விட்டுவிட்டுத் தெளித்தான். அழுக்கு தானாகக் கரைந்து சொட்டியது. எல்லாப் பக்கமும் தெளித்தபின், கவிழ்த்துச் சுத்தமான காகிதத்தின் மேல் வைத்து, பஞ்சு விழாதபடி முறத்தை மேலே சாய்த்து வைத்தோம். ஊதவில்லை, உதறவில்லை, வெயிலிலும் வைக்கவில்லை. நன்றாகக் காயும்வரை காத்திருந்தோம். பீடி பற்றவைக்கப் போன என்னை லோகு தெருவுக்கு விரட்டினான். காய்ந்தபின், அதன் உடலில் உள்ள அம்புக்குறி இன்ஜினைப் பார்க்கும்படி பொருத்தி, திருகுகளை அளவோடு இறுக்கி, இணைப்பைச் சொடுக்கென்று சத்தம் வரச் செருகி, கடைசியாகப் பேட்டரியை மாட்ட வேண்டும். முறை அவ்வளவுதான்.

ஆனால் சென்சார் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் வேறொன்று நடந்தது. முதலாளி தொலைபேசி மணி கேட்டு உள்ளே போனார். லோகு வடிகட்டிப் பெட்டியைத் திறந்து காகித வடிகட்டியை வெளியே எடுத்தான். விரலால் தொட்டான். முகர்ந்தான்.

"இதுக்குத் தறி எண்ணெய ஊத்துன மகராசன் யாருங்ணா?"

நான் முறத்தை நேராக்கப் போனேன்.

"இந்த எண்ணெய்தான் காத்தோட போயிக் கம்பியில அப்பியிருக்குது. பஞ்சு பாவம், பின்னாடி வந்து ஒட்டுனதுதான். இது காஞ்ச காகிதமா இருக்கோணும். அழுக்கானா மாத்தோணும். எண்ணெய் விடற சமாச்சாரமே கெடையாது." நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. "அட... நீங்களா?"

பல மாதங்களாக நான் குற்றமற்றவன் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு நடமாடியிருந்தேன். சண்முகம் பூட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் முதலாளிமேல் கசந்தேன். அவர் ஒரு நாள் உண்மை தெரிந்து குறுகிப்போய் என்முன் நிற்பார் என்று கற்பனை செய்து அதில் சுகம் கண்டேன். அந்தப் பெட்ரோலைக் குடித்தது என் கைதான் என்று இப்போது தெரிந்தது. நான் திருடவில்லை. ஆனால் அவருக்கு வந்த நஷ்டத்துக்குக் காரணம் நான் இல்லை என்றும் இனிச் சொல்ல முடியாது.

லோகு குரலைத் தாழ்த்தினான். "வாய மூடிக்கிட்டு இருங்ணா. வடிகட்டிய நான் கையோட எடுத்துட்டுப் போயிடறேன். பஞ்சுன்னு சொல்லிப்போடலாம். பஞ்சு வந்து சாட்சி சொல்லப் போவுதா?"

முதலாளி திரும்பி வந்தார். தான் கொண்டுவந்திருந்த புதிய வடிகட்டியை வைத்து, எல்லாவற்றையும் மாட்டி, லோகு வண்டியைக் கிளப்பச் சொன்னான். முதலில் சற்றுத் தடுமாறி, பிறகு இன்ஜின் சீராக நின்று ஓடியது. புகைக்குழாயில் கரும்புகை இல்லை. வாசலில் சத்தமே இல்லாததுபோல் இருந்தது.

"பஞ்சுதானுங்களா காரணம்?" என்று முதலாளி கேட்டார். "அத்தன பெட்ரோலும் இதுலதான் போச்சுங்களா?"

"ஆமாங்க. பஞ்சுதானுங்க" என்றான் லோகு கூசாமல்.

முதலாளி என்னைப் பார்த்தார். எத்தனையோ நாளுக்குப் பின் நேராகப் பார்த்தார். அவர் முகம் சிறுத்துப்போயிருந்தது. அவருடைய கை மெல்லச் சட்டைப் பைக்குப் போயிற்று. பூட்டுச் சாவியை எடுத்து என்னிடம் நீட்டப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் கற்பனையில் பலமுறை பார்த்த காட்சி அது. அவருக்குத் தெரிந்த பாஷையில் அதைவிடப் பெரிதாக மன்னிப்புக் கேட்க வழி கிடையாது. அந்தக் கை வெளியே வருமுன், என்னை அறியாமலே சொல்லிவிட்டேன்.

"பஞ்சு இல்லீங்க. வடிகட்டிக்கு எண்ணெய் விட்டது நாந்தானுங்க. அதனாலதான் சென்சார் கெட்டுப்போச்சுங்க."

லோகு வானத்தைப் பார்த்தான். முதலாளி என் சொற்களைக் கூட்டிப் பார்ப்பவர்போல் ஒரு கணம் நின்றார். பிறகு அவர் முகம் தெளிந்தது. சிரித்தார், மனம்விட்டுச் சிரித்தார்.

"அட, உங்க கைவேலதானுங்களா! நான் என்னமோ ஏதோன்னு இருந்தேன். இருக்கட்டுமுங்க, இருக்கட்டும். தெரியாமச் செஞ்சதுக்கு என்ன பண்றது? மனசுல வெச்சுக்காதீங்க."

பைக்குள் போன கை வெறுங்கையாக வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தவர் மன்னிப்பவராகிவிட்டார். அந்த நொடியில் அவருக்குக் கிடைத்த நிம்மதியை நான் கண்ணால் பார்த்தேன். ஊர் நோம்பியைப் பற்றி அதன்பின் பேச்சில்லை. ஆனால் அந்தக் கதை சோமனூர் முழுவதும் போயிற்று. கல்யாண வீடுகளில் ஒறம்பறையாக வந்த சொந்தக்காரர்களிடம், "நம்ம வெள்ளிங்கிரி காருக்குத் தறி எண்ணெய் ஊத்துன ஆளுங்க" என்று முதலாளி அன்போடு சொல்லிச் சிரிப்பார். பங்கில் கேலியும் மாறியது: "அண்ணனுக்கு ரெண்டு சொட்டு தறி எண்ணெய் போடுங்கடா." என்னைத் திருடன் என்று நினைத்தார்கள் என்பது யாருக்கும் நினைவில்லாமல் போயிற்று, அப்படி ஒன்று நடந்ததாகவே யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் பல்லடம் போய் வந்ததில், பெட்ரோல் பழைய கணக்குக்கு வந்துவிட்டது என்று சண்முகம் முதலாளியிடம் சொன்னார். மறுநாள் காலை நான் கொட்டகைக்குப் போனபோது, தொட்டியில் பழைய மூடி இருந்தது. பூட்டு மூடியை யார் எடுத்தார், எப்போது எடுத்தார் என்று ஒரு சொல்லும் இல்லை. நான் வண்டியைத் துடைக்கத் தொடங்கினேன்.

முதலாளியம்மா காப்பியோடு கொட்டகைக்கே வந்தார். வழக்கமாகக் காப்பி சமையற்கட்டுப் படியில்தான் வைக்கப்படும்.

"அவரு சொல்ல மாட்டாருங்க" என்றார். "அதனால நாந்தான் சொல்லோணும். நாங்க ரெண்டு பேரும் உங்களத் திருடன்னுதான் நெனச்சுப்போட்டமுங்க, வெள்ளிங்கிரி. அது எங்க தப்புங்க."

அத்தனை மாதங்களில் அந்தச் சொல்லை யாராவது வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கியிருந்தேன். சொன்னால் என்ன பதில் சொல்வது என்று வண்டி ஓட்டும்போதெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். இப்போது அது காதில் விழுந்ததும், நடுத்தெருவில் என் சட்டையை உருவியதுபோல் இருந்தது. எப்படியாவது அந்தச் சொல் திரும்பிப் போனால் போதும் என்றிருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றேன். "நீங்க அப்படி நெனைக்கவே இல்லீங்க."

"நெனச்சமுங்க."

"இல்லீங்கம்மா. எண்ணெய் விட்டது நாந்தானுங்களே. நீங்க ஒண்ணும் நெனைக்கலீங்க."

அவர் "செரிங்க" என்று சொல்லிவிட்டு, காப்பித் தம்ளரை பானெட்டின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

அந்தக் குடும்பத்தில் ஒருவர் துணிந்து வெளியே எடுத்து வைத்த உண்மையை, கை நீட்டி வாங்க எனக்குத் திராணி இல்லை. மரியாதையாக மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். முதலாளியிடம் அத்தனை காலம் வேலை பார்த்ததில், அவருடைய பேச்சு எனக்கும் நன்றாகப் பழகிப்போயிருந்தது.